க்ரூஸ் கன்ட்ரோல் ஏன் மறுக்கிறது? வாகனக் கேள்வி பதில்

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் வண்டியை ஒரே வேகத்தில் ஓடவைக்கும் கருவிதான் க்ரூஸ் கன்ட்ரோல். பழைய வாகனங்களில் அதன் பழுது குறித்து வந்த கடிதங்களை இந்த முறை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதுகிறோம். ஆக்சிலரேட்டர் மிதியிலிருந்து எஞ்சினுக்குக் கேபிள் ஓடிய காலத்து வண்டிகளைப் பற்றியவையே இவற்றில் பெரும்பாலானவை.

கேள்வி: ஐயா, என்னிடம் 1990-களில் தயாரான, ஆட்டோமேட்டிக் கியர் கொண்ட பெட்ரோல் கார் இருக்கிறது. க்ரூஸ் கன்ட்ரோல் பட்டனை அழுத்தினால் டாஷ்போர்டில் விளக்கு எரிகிறது. ஆனால் 80 கி.மீ. வேகத்தில், அந்த வேகத்தைப் பிடித்துவைக்கச் சொல்லும் 'செட்' பட்டனை அழுத்தினால் எதுவுமே நடப்பதில்லை. ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. கன்ட்ரோல் யூனிட் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொல்கிறார். அண்மையில் பின்பக்க பல்புகள் அனைத்தையும் எல்.இ.டி.யாக மாற்றினேன், அதைத் தவிர வண்டியில் வேறு எந்த வேலையும் செய்யவில்லை.

பதில்: க்ரூஸை இயக்கும் மின்னணுப் பெட்டியான கன்ட்ரோல் யூனிட்டை இப்போது வாங்காதீர்கள். கழற்றி வைத்த பழைய பிரேக் பல்புகளில் ஒன்றைத் திரும்ப மாட்டிவிட்டு வண்டியை ஓட்டிப் பாருங்கள். கடிதத்தின் முடிவில் நீங்கள் குறிப்பிட்டிருக்கும் எல்.இ.டி. மாற்றமே இதற்குக் காரணமாக இருக்க வாய்ப்பு மிக அதிகம்.

க்ரூஸ் கன்ட்ரோல், தனக்கு வரும் சிக்னல்களில் ஒன்றின் மீது சந்தேகம் எழுந்தாலும் வேலை செய்ய மறுத்துவிடும்படி வடிவமைக்கப்பட்ட கருவியாகும். ஓட்டுநரின் கால் விலகியிருக்கும்போது எஞ்சினின் வேகத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்வதால் அது அப்படித்தான் இருக்க வேண்டும். ஆகவே 'செட்' ஏற்காத வண்டியில், எந்தப் பாகம் கெட்டது என்று தேடுவதைவிட, எந்தச் சிக்னலைக் கண்டு யூனிட் மறுக்கிறது என்று தேடுவதே நேர்வழி. அந்தத் தேடலை எப்போதும் பிரேக்கிலிருந்து தொடங்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

பல பழைய வண்டிகளில் கன்ட்ரோல் யூனிட், பிரேக் விளக்குக்குச் செல்லும் ஒயரையே கவனித்துக்கொண்டிருக்கிறது. மிதியை அழுத்தினால் அந்த ஒயரில் 12 வோல்ட் வரும். உடனே க்ரூஸ் விலகிவிடும். மிதியை அழுத்தாதபோது அந்த ஒயர் பல்பின் இழை வழியாக எர்த்துடன் இணைந்திருக்கும். 21 வாட் பல்பின் இழை குளிர்ந்திருக்கும்போது அதன் மின்தடை ஒரு ஓம் அளவுக்கும் குறைவு என்பதால், ஒயரில் மின்னழுத்தம் ஏறக்குறைய சுழியமாகவே இருக்கும். அந்தச் சுழியத்தைக் கண்டால்தான் பிரேக் ஒயர் அறுபடாமல் இருக்கிறது, மிதியும் விடுபட்டிருக்கிறது என்று யூனிட் நம்பும். எல்.இ.டி. விளக்கோ குறிப்பிட்ட மின்னழுத்தத்தைத் தாண்டாதவரை மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் அந்த ஒயர் எர்த்தைக் காணாமல் மிதந்து நிற்கிறது. யூனிட்டும் பிரேக் அழுத்தப்பட்டிருப்பதாகவோ ஒயர் அறுந்துவிட்டதாகவோ எடுத்துக்கொள்கிறது. பிரேக் பல்புகள் எல்லாம் ஒருசேரப் பியூஸ் போன வண்டியிலும் இதே விளைவு ஏற்படும்.

இதை மல்டிமீட்டரால் உறுதிசெய்துகொள்ளலாம். சாவியை 'ஆன்' நிலையில் வைத்து, கறுப்பு முனையை வண்டியின் உலோக உடலிலும், சிவப்பு முனையை யூனிட்டின் கனெக்டருக்கு வரும் பிரேக் விளக்கு ஒயரிலும் வையுங்கள். மிதி விடுபட்டிருக்கும்போது அளவு சுழியத்தை ஒட்டியிருக்க வேண்டும். சில வோல்ட்டுகள் நிலையாகக் காட்டினால் பழுது அங்கேதான் இருக்கிறது.

நடுவில் உயரமாக அமைந்த மூன்றாவது பிரேக் விளக்கு அதே ஒயரில் இணைந்திருந்தால், அதில் மட்டும் இழை பல்பைப் போட்டுவிட்டு மற்றவற்றை எல்.இ.டி.யாகவே வைத்துக்கொள்ளலாம். நடுவிளக்கு இல்லாத வண்டியில் இரண்டு பக்கமும் இழை பல்புக்கே திரும்புவது நல்லது. ஒரு பக்கம் வெளிச்சமும் நிறமும் ஒருவிதமாகவும் மறுபக்கம் வேறுவிதமாகவும் இருப்பது பின்னால் வருபவரைக் குழப்பும். இதற்கென்று கடைகளில் விற்கும் சுமை ரெசிஸ்டர்களும் உண்டு. பிரேக்கை நெடுநேரம் அழுத்தி நிற்கையில் அவை கடுமையாகச் சூடாகும் என்பதால் பிளாஸ்டிக் மீதோ ஒயர்க் கட்டின் மீதோ அவற்றைப் பொருத்தக் கூடாது.

பழைய பல்பைப் போட்டும் பயனில்லை என்றால், மிதியின் கம்புக்கு மேலே இருக்கும் பிரேக் ஸ்விட்சைப் பாருங்கள். அதில் பெரும்பாலும் இரண்டு இணைப்புகள் இருக்கும். ஒன்று மிதியை அழுத்தினால் சேர்ந்து விளக்கை எரியவைக்கும். மற்றொன்று மிதியை அழுத்தினால் பிரிந்து க்ரூஸுக்குச் செல்லும் மின்சாரத்தைத் துண்டிக்கும். முதலாவது நன்றாக இருந்து இரண்டாவது தேய்ந்திருந்தால் பிரேக் விளக்கு சரியாக எரியும், க்ரூஸ் மட்டும் வேலை செய்யாது. 'பிரேக் லைட் எரிகிறதே, ஸ்விட்ச் நன்றாகத்தான் இருக்கிறது' என்று பலரும் இந்த இடத்தில்தான் தவறான முடிவுக்கு வருகிறார்கள். ஸ்விட்சைக் கழற்றி, இரண்டு ஜோடி முனைகளையும் தனித்தனியே அளந்து பார்த்த பிறகே அது நல்லது என்று சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் பாருங்கள். ஜப்பானிய, கொரிய கார்கள் பலவற்றில் ஸ்விட்சின் குமிழ் நேராக இரும்பில் படாமல், மிதிக் கம்பின் துளையில் செருகிய ஒரு சிறிய பிளாஸ்டிக் குமிழின் மீது படும். வயதானால் அந்தப் பிளாஸ்டிக் பிஸ்கட் போல் உதிர்ந்துவிடும். பிறகு ஸ்விட்சின் குமிழ் அந்தத் துளைக்குள் நுழைந்துகொள்வதால், மிதி மேலே இருந்தாலும் அழுத்தப்பட்டதாகவே ஸ்விட்ச் எண்ணிக்கொள்ளும். பிரேக் விளக்குகள் அணையாமல் எரியும், க்ரூஸ் ஏற்காது, ஒரே இரவில் பேட்டரியும் இறங்கிவிடும். ஓட்டுநர் கால்வைக்கும் விரிப்பில் நொறுங்கிய பிளாஸ்டிக் துணுக்குகள் கிடக்கின்றனவா என்று பார்த்தாலே இது தெரிந்துவிடும். மாற்றுக் குமிழின் விலை மிகக் குறைவு.

கேள்வி: எனது பழைய காரில் க்ரூஸ் கன்ட்ரோல் சமதளத்தில் நன்றாக வேலை செய்கிறது. மேடு ஏறும்போது வேகம் குறைந்துகொண்டே போகிறது. உச்சியைத் தாண்டியதும் மீண்டும் பிடித்துக்கொள்கிறது. எஞ்சினின் இழுவைத் திறனில் எந்தக் குறையும் இல்லை.

பதில்: உங்கள் வண்டியில் இருப்பது வேக்குவத்தால், அதாவது எஞ்சின் காற்றை உறிஞ்சுவதால் உண்டாகும் வெற்றிட இழுவிசையால், இயங்கும் அமைப்பு என்று தெரிகிறது. எஞ்சின் பகுதியில் வட்ட டப்பா போன்ற ஒரு பாகத்திலிருந்து த்ராட்டிலுக்கு (எஞ்சினுக்குள் காற்று போகும் வழியைத் திறந்து மூடும் வால்வு) ஒரு கேபிளோ மணிச் சங்கிலியோ செல்கிறதா, அந்த டப்பாவுக்கு ரப்பர் குழாய் வருகிறதா என்று பாருங்கள். குழாய் இருந்தால் வேக்குவம். மின் கனெக்டர் மட்டும் இருந்தால் மோட்டாராலும் மின்காந்தக் கிளட்சாலும் இயங்கும் வகை. கீழே சொல்வது முதல் வகைக்கு மட்டுமே பொருந்தும்.

அந்த டப்பாவுக்குள் டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு இருக்கிறது. எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் குழாய்த் தொகுதியான இன்டேக் மேனிஃபோல்டில் உண்டாகும் வேக்குவம் அதை இழுக்கும்போது அது கேபிளை இழுத்து த்ராட்டிலைத் திறக்கிறது. நல்ல நிலையில் உள்ள பெட்ரோல் எஞ்சின் ஐடிலிங்கில் ஓடும்போது 17 முதல் 21 அங்குலப் பாதரச அளவு வேக்குவம் இருக்கும். ஆனால் மேட்டில் த்ராட்டில் அகலத் திறக்கும்போது மேனிஃபோல்டின் வேக்குவம் பெரும்பகுதி மறைந்துவிடும். அதாவது க்ரூஸுக்கு இழுவிசை மிகுதியாகத் தேவைப்படும் நேரத்தில்தான் அந்த விசை கிடைக்காமல் போகிறது. இதை ஈடுகட்டவே பல வண்டிகளில் வேக்குவத்தைச் சேமித்து வைக்க ஒரு தொட்டியும், சேமித்தது எஞ்சின் பக்கம் திரும்பாமல் தடுக்க ஒரு ஒருவழி வால்வும் வைத்திருக்கிறார்கள். நீங்கள் சொல்லும் அறிகுறி அந்த வால்வையோ, தொட்டியையோ, அவற்றை இணைக்கும் குழாயையோதான் சுட்டுகிறது.

வால்வைக் கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள்; ஒரு திசையில் காற்று போக வேண்டும், மறுதிசையில் போகவே கூடாது. இரு பக்கமும் போனால் மாற்ற வேண்டியதுதான். குழாய்களைப் பொறுத்தவரை, நடுப்பகுதி நன்றாகத் தெரிந்தாலும், வெப்பத்தில் விறைத்து முனைகளில்தான் வெடித்திருக்கும். பொருத்தும் இடத்தில் விரலால் வளைத்துப் பார்த்தால் மெல்லிய கீறல்கள் வாய் திறக்கும். நீளம் போதுமானால் வெடித்த முனையை வெட்டிவிட்டு மீண்டும் செருகலாம். குழாய் முழுவதுமே விறைத்திருந்தால் புதிதாகப் போடுங்கள்.

டயாஃப்ரத்தைச் சோதிக்கக் கையால் இயக்கும் வேக்குவம் பம்பு போதும். எஞ்சினை நிறுத்திவிட்டு, டப்பாவின் வேக்குவம் நேராக டயாஃப்ரத்தைச் சேரும் வாயில் பம்பை இணைத்து இழுத்தால் கேபிள் உள்ளே போக வேண்டும்; பம்பின் முள்ளும் இறங்காமல் நிற்க வேண்டும். டப்பாவிலேயே சொலினாய்டு வால்வுகள் (மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வுகள்) அடங்கிய மாடல்களில் அவற்றுக்கு மின்சாரம் தராமல் இந்தச் சோதனை பலிக்காது. அவற்றுக்கு சர்வீஸ் கையேட்டின் முறையைப் பின்பற்றுவதே சரி.

பிரேக் மிதியருகே ரப்பர் குழாயுடன் இணைந்த இன்னொரு வால்வும் பல வண்டிகளில் உண்டு. பிரேக்கை அழுத்தியதும் வெளிக்காற்றை உள்ளே விட்டு, டயாஃப்ரத்தை உடனே தளர்த்துவது அதன் வேலை. மின்சார ஸ்விட்ச் தவறினாலும் த்ராட்டில் மூடுவதற்காக வைக்கப்பட்ட இரண்டாவது காவல் அது. மிதி முழுமையாக மேலே திரும்பாமலோ வால்வின் இருக்கை நகர்ந்தோ இருந்தால், அதன் வழியே காற்று கசிந்துகொண்டே இருக்கும். க்ரூஸ் இயங்கும்போது மிதியின் பக்கத்திலிருந்து மெல்லிய சீறல் கேட்கும்.

டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: பழைய டீசல் எஞ்சின்களின் இன்டேக்கில் இவ்வளவு வேக்குவம் உண்டாகாது என்பதால் தனி வேக்குவம் பம்பு இருக்கும். அங்கே பம்பிலிருந்து தேடலைத் தொடங்க வேண்டும்.

கேள்வி: க்ரூஸ் போட்டால் வண்டி ஒரே வேகத்தில் போகாமல், முன்னே தள்ளுவதும் பின்னே இழுப்பதுமாக இருக்கிறது. என்ன காரணம்?

பதில்: இரண்டு இடங்களைப் பாருங்கள். முதலாவது, த்ராட்டிலுக்குச் செல்லும் க்ரூஸ் கேபிள். அதில் தொய்வு அதிகமிருந்தால், கேபிள் இழுத்தும் த்ராட்டில் அசையாமல் இருந்துவிட்டுப் பிறகு திடீரென்று திறக்கும். யூனிட் அதைத் திருத்த முயன்று எதிர்ப்பக்கம் அதிகமாகப் போய்விடும். உங்கள் மாடலுக்குச் சொல்லப்பட்ட அளவுக்குத் தொய்வைச் சரிசெய்யுங்கள். தொய்வே இல்லாமல் இறுக்கிவிடவும் கூடாது. இறுக்கினால் த்ராட்டில் முழுதாக மூடாது, ஐடிலிங் வேகமும் ஏறிவிடும்.

இரண்டாவது, வேகத்தை அறிவிக்கும் பகுதி. கேபிளால் இயங்கும் ஸ்பீடோமீட்டர் உள்ள வண்டியானால், ஓடும்போது முள் நடுங்குகிறதா என்று கவனியுங்கள். 1958-இல் கிறைஸ்லர் கார்களில் 'ஆட்டோ பைலட்' என்ற பெயரில் முதன்முதலாக விற்பனைக்கு வந்த கருவி, ஸ்பீடோமீட்டர் கேபிளின் சுழற்சியிலிருந்தே வேகத்தை அறிந்துகொண்டது. அதை உருவாக்கிய ரால்ஃப் டீட்டர் சிறுவயதிலேயே பார்வையை இழந்த பொறியாளர்; 1950-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். பிற்காலத்து வண்டிகள் சிலவற்றிலும் அதே கேபிள் சுழற்றும் ஒரு சிறிய காந்தமும், காந்தம் நெருங்கினால் சேரும் ரீட் ஸ்விட்சும்தான் க்ரூஸுக்கு வேகத்தைச் சொல்கின்றன. உறைக்குள் காய்ந்துபோன கேபிள் சீராகச் சுழலாமல் சிக்கிச் சிக்கிச் சுழன்றால் முள்ளோடு சேர்ந்து வண்டியும் ஆடும். கேபிளைக் கழற்றித் துடைத்து, அதற்குரிய மசகிட்டுப் போட்டால் பல வண்டிகளில் இந்தத் தொல்லை தீர்ந்துவிடும். வேக்குவம் வகையில் சிறு கசிவும் இதே ஆட்டத்தைத் தரும். மேலேயுள்ள பதிலையும் பாருங்கள்.

கேள்வி: எங்கள் வண்டியில் ஸ்டீயரிங்கில் உள்ள க்ரூஸ் பட்டன்கள் எதுவும் வேலை செய்யவில்லை. ஹாரனும் சில நேரங்களில் அடிப்பதில்லை. ஏர்பேக் விளக்கு வேறு எரிகிறது. மூன்றுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. சுழலும் ஸ்டீயரிங் சக்கரத்துக்கும் நிலையான தண்டுக்கும் இடையே கிளாக் ஸ்பிரிங் என்ற பாகம் இருக்கிறது. தட்டையான ரிப்பன் ஒயர் சுருளாக அதற்குள் சுற்றப்பட்டிருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அது விரிந்து சுருங்கும். பட்டன்கள், ஹாரன், ஏர்பேக் மூன்றின் இணைப்பும் அதன் வழியாகவே செல்வதால், ரிப்பன் அறுந்தால் மூன்றும் ஒன்றாகப் பாதிக்கப்படும். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் ஹாரன் அடித்து, நேராக்கினால் அடங்கிவிடுகிறது என்றால் சந்தேகமே வேண்டாம்.

இந்த வேலையை ஏர்பேக்கில் பயிற்சி உள்ளவரிடமே கொடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, கையேட்டில் சொல்லப்பட்ட நேரம் முழுவதும் காத்திருந்த பிறகே ஏர்பேக்கைத் தொட வேண்டும்; அதன் யூனிட்டில் தேங்கியிருக்கும் மின்சாரம் அதுவரை வடியாது. முன்சக்கரங்கள் நேராக இருக்கையில், புதிய பாகத்தை நடுநிலைக்குக் கொண்டுவந்து பொருத்தாவிட்டால், ஒரு பக்கம் முழுதாகத் திருப்பும்போதே புது ரிப்பனும் அறுந்துவிடும். ஏர்பேக் விளக்கு எரியும் வண்டியில் விபத்து நேரத்தில் ஏர்பேக் விரியும் என்று நம்ப முடியாது. க்ரூஸுக்காக இல்லாவிட்டாலும் அதற்காகவே இந்தப் பழுதை உடனே பார்க்க வேண்டும்.

ஹாரனும் ஏர்பேக்கும் சரியாக இருந்து, பட்டன்களில் ஒன்றிரண்டு மட்டும் வேலை செய்யாத வண்டிகளில் காரணம் வேறு. பல மாடல்களில் எல்லாப் பட்டன்களும் ஒரே ஒயரில் வெவ்வேறு மின்தடைகளைக் காட்டித்தான் யூனிட்டுக்கு ஆணையிடுகின்றன. உள்ளிருக்கும் தொடுமுனை அழுக்கேறினால் 'செட்' என்ற ஆணை யூனிட்டுக்குப் புரியாத வேறொரு அளவாகப் போய்ச் சேரும். ஒவ்வொரு பட்டனையும் அழுத்தி ஓம் அளவை எடுத்து, கையேட்டின் அட்டவணையோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

கேள்வி: காலையில் புறப்படும்போது க்ரூஸ் நன்றாக இருக்கிறது. வண்டி சூடேறிய பிறகு தானாக விலகிவிடுகிறது. ஆறிய பிறகு மீண்டும் வருகிறது.

பதில்: மற்ற எல்லாவற்றையும் சோதித்த பிறகு, கன்ட்ரோல் யூனிட்டைச் சந்தேகிக்க நியாயமுள்ள பழுது இதுதான். யூனிட்டைத் திறந்து சர்க்யூட் பலகையின் அடிப்பக்கத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். கனெக்டர் முள்களையும் கனமான பாகங்களின் கால்களையும் சுற்றி, பற்றவைத்த ஈயத்தில் முடி அளவுக்கு ஒரு கறுப்பு வளையம் தெரிந்தால் அந்த இணைப்பு வெடித்திருக்கிறது என்று பொருள். வெப்பத்தில் விரியும்போது அது பிரிந்துவிடும். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைத்தால் யூனிட்டை மாற்றாமலே சரியாகிவிடும்.

கேள்வி: பிரேக் ஸ்விட்ச் கிடைக்கவில்லை. இரண்டு ஒயர்களையும் நேராக இணைத்துவிட்டால் க்ரூஸ் வேலை செய்யும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: கூடாது. தற்காலிகமாகவும் கூடாது, சோதனைக்காகச் சாலையில் ஓட்டிப் பார்ப்பதற்கும் கூடாது. பிரேக்கை அழுத்தியும் த்ராட்டில் மூடாத வண்டியில், எஞ்சின் முன்னே தள்ளுவதும் பிரேக் பின்னே இழுப்பதுமாக நீங்கள் தவிக்க நேரிடும். மேனுவல் கியர் வண்டியில் கிளட்ச் ஸ்விட்சையும் இதே போல் நேராக இணைக்கக் கூடாது; கிளட்சை அழுத்திய கணத்தில் சுமை நீங்கிய எஞ்சின் கட்டுக்கடங்காமல் அலறும். ஸ்விட்ச் கிடைக்கும்வரை க்ரூஸ் இல்லாமல் ஓட்டுங்கள்.

இதையொட்டி, பழைய ஃபோர்டு வண்டிகள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பிரேக் மாஸ்டர் சிலிண்டரோடு இணைந்து, திரவ அழுத்தத்தால் இயங்கும் க்ரூஸ் துண்டிப்பு ஸ்விட்ச் ஒன்று 1990-களின் ஃபோர்டு மாடல்கள் பலவற்றில் இருந்தது. அதன் உள்சவ்வு தேய்ந்து பிரேக் திரவம் மின்முனைகளுக்குள் கசிந்தால், ஸ்விட்சுக்கு எப்போதும் மின்சாரம் வந்துகொண்டிருந்ததால், எஞ்சினை நிறுத்தி வைத்த நிலையிலும் வண்டி தீப்பற்றியது. 1999 முதல் 2009 வரை அமெரிக்காவில் கட்டம் கட்டமாக 1 கோடிக்கும் மேற்பட்ட வண்டிகளை அந்நிறுவனம் திரும்ப அழைத்தது. அத்தகைய வண்டி உங்களிடம் இருந்தால், சேஸி எண்ணைக் கொடுத்து அந்தத் திருத்தம் செய்யப்பட்டதா என்று கேளுங்கள். வேறு எந்த வண்டியானாலும், மாஸ்டர் சிலிண்டரில் பொருத்திய ஸ்விட்சின் கனெக்டருக்குள் ஈரம் தெரிந்தால் உடனே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: எல்லாப் பழுதையும் சரிசெய்துவிட்டேன். சாலையில் எப்படிச் சோதிப்பது?

பதில்: முதலில் நிறுத்திய நிலையில், எஞ்சின் ஓடாதபோது த்ராட்டிலைக் கையால் முழுதாகத் திறந்து விடுங்கள், தடையில்லாமல் சட்டென்று மூட வேண்டும். பிறகு, ஈரமில்லாத, நேரான, போக்குவரத்துக் குறைந்த சாலையைத் தேர்ந்தெடுங்கள். ஏறக்குறைய 40 கி.மீ. வேகத்துக்குக் கீழே பெரும்பாலான பழைய அமைப்புகள் ஏற்காது என்பதால் அதைவிடச் சற்றுக் கூடுதலான வேகத்தில் 'செட்' அழுத்துங்கள். வேகம் நிலைத்ததும் பிரேக் மிதியை விரல் நுனியால் தொடுவது போல் லேசாக அழுத்துங்கள். வண்டி வேகம் குறைக்கத் தொடங்கும் முன்பே க்ரூஸ் விலகியிருக்க வேண்டும். முன்பு வைத்த வேகத்துக்குத் திரும்பச் சொல்லும் 'ரெஸ்யூம்' பட்டனை அழுத்தி மீண்டும் ஏற்றிவிட்டு, கிளட்ச் உள்ள வண்டியில் கிளட்சாலும், பிறகு 'ஆஃப்' பட்டனாலும் தனித்தனியே விலக்கிப் பாருங்கள். இவற்றில் ஒன்று தவறினாலும் அன்றைக்கு க்ரூஸைப் பயன்படுத்தாதீர்கள். பல வண்டிகளில் அதன் ஃபியூஸ் வேறு சுற்றுகளுக்கும் பொதுவாக இருக்கும் என்பதால், ஃபியூஸைக் கழற்றாமல், எஞ்சின் பகுதியில் த்ராட்டிலை இழுக்கும் அந்தக் கருவியின் கனெக்டரைக் கழற்றி வைத்துவிட்டு ஒர்க்ஷாப்புக்கு ஓட்டிச் செல்லுங்கள்.